சத்தம் வருது... படம் வரலை!

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருத்தன் லேப்டாப்பை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டு வந்து கதவைத் தட்டினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பிராஜெக்ட் வைவா. இன்னொன்று, ஃபேர்வெல் வீடியோ. எதிர்வீட்டுப் பையனுக்கு இரண்டாவது. மெக்கானிக்கல் ஃபைனல் இயர்.

"அண்ணா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஃபங்ஷன். வீடியோ ஹால் டிவியில ஓட மாட்டேங்குது."

"ஓடலைன்னா? என்ன வருது?"

"சத்தம் வருதுண்ணா. படம் வரலை."

ஆக, பதினோரு நிமிஷ ரேடியோ நாடகம் ரெடி! சிரிக்கலாம்தான். ஆனால் பையன் முகம் சிரிக்கிற மாதிரி இல்லை. விஷயம் வெறும் 'மச்சி, உன்னை மறக்க மாட்டேன்டா' வீடியோ இல்லையாம். அவங்க டிபார்ட்மென்ட் ஒர்க் ஷாப் ஃபோர்மேன் மறுநாள் அதே மேடையில் ரிட்டயர் ஆகிறார். 31 வருஷ சர்வீஸ். மைக்கைக் கண்டாலே ஓடிவிடுகிற மனுஷர். லேத் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ஒரு பையன் போனை நீட்டினதும் 14 நிமிஷம் மடை திறந்த மாதிரி பேசியிருக்கிறார். வீடியோவின் உயிரே அதுதான்.

அந்த உயிருக்கு மூணு வியாதி. ஒன்று, டிவியில் படம் வரவில்லை. இரண்டு, ஃபோர்மேன் பேசப் பேச உதடு ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம். ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, கடைசியில் டப்பிங் படம். மூணு, இன்னும் இரண்டு நிமிஷ எடிட்டிங் பாக்கி. ஆனால் ப்ளே பட்டனை அழுத்தினால் லேப்டாப் மூச்சு வாங்குகிறது.

"ஹெச்டிஎம்ஐ ஒயரைச் சொருகி லேப்டாப்பில் இருந்தே ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். டிவியை எட்டடி உசரத்தில் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருக்கிறார்களாம். ஹெச்டிஎம்ஐ ஓட்டை பின்பக்கம், பல்லிக்கு மட்டும்தான் எட்டும். பக்கவாட்டில் இருக்கிற யுஎஸ்பி ஒன்றுதான் கதி. சரி, பென் டிரைவ்தான்.

முதல் வியாதிக்கு வருவோம். எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்று ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து ஏமாறாதீங்க. அதெல்லாம் டிபன் கேரியர். உள்ளே இட்லியா, பிரியாணியா என்று வெளியே இருந்து தெரியாது. உள்ளே இருப்பதுதான் கோடெக். இப்போது பெரும்பாலும் இரண்டே சமையல்: ஹெச்.264, ஹெச்.265. இரண்டாவதற்கு ஹெச்இவிசி என்றும் பெயர். அது பாதி இடத்தில் அதே தரம் தரக்கூடிய கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் ஸ்டாண்டர்டாக வந்ததே 2013-ல். ஹால் டிவியின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வருஷம் 2012. தான் பிறந்த பிறகு வந்த பாஷை அதற்கு எப்படிப் புரியும்? ஆடியோ மட்டும் பழைய ஏஏசி. அது புரிந்தது, பாடிவிட்டது. அவ்வளவுதான் மர்மம்.

'மீடியா இன்ஃபோ' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஃபைலைத் தூக்கி அதில் போட்டால் கேரியரைத் திறந்து காட்டிவிடும். கன்வெர்ட்டரைத் தேடி ஓடும் முன் இதைச் செய்யுங்க. சில சமயம் உள்ளே இருக்கிற சமையல் சரியாக இருக்கும், கேரியர்தான் தப்பு. ஓபிஎஸ்-ல் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் பண்ணி எம்கேவி வந்து நின்றால், அதன் ஃபைல் மெனுவிலேயே 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' இருக்கிறது. சோற்றைத் தொடாமல் கேரியரை மட்டும் மாற்றும். சில விநாடி வேலை, தரம் துளி குறையாது. இது தெரியாமல் ஒரு மணி நேரம் கன்வெர்ட் போட்டு, தரத்தையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

அடுத்து, லேப்டாப் ஏன் மூச்சு வாங்குகிறது? ஐ5, 8 ஜிபி ராம். மோசமில்லை. ஒரு 4கே ஃப்ரேமில் 82,94,400 புள்ளிகள். அமுக்காமல் அப்படியே வைத்தால் ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 25 எம்பி. விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் விநாடிக்கு 750 எம்பி, நிமிஷத்துக்கு 45 ஜிபி! ஆனால் ஐபோனில் ஹெச்.265-ல் ஒரு நிமிஷ 4கே, 30 ஃப்ரேம் வீடியோ சுமார் 170 எம்பிதான். எங்கே போச்சு மிச்சம்?

லேப் ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்கா? முதல் பெஞ்ச் படிப்பாளி முழுசா எழுதுவான். அடுத்தவன் 'மேலே உள்ளபடி, ரீடிங் மட்டும் வேற' என்று இரண்டு வரி. அதற்கடுத்தவன் முன்னாடி இருக்கிறவன் நோட்டையும் பார்ப்பான், பின்னாடி இருக்கிறவன் நோட்டையும் பார்ப்பான், ஒரு வரியில் முடித்துவிடுவான். வீடியோவும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம்; மற்றதெல்லாம் 'முந்தினது மாதிரியே, ஆனா கை கொஞ்சம் நகர்ந்துச்சு' கணக்கு. வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் சிக்கலில்லை. படம் பார்ப்பது அந்த மாதிரி. எடிட்டிங் அப்படியா? திடீரென்று 23-வது ஃப்ரேமைக் காட்டு என்கிறோம், அங்கிருந்து ரிவர்ஸில் போ என்கிறோம். ஒவ்வொரு தடவையும் அது முதல் பெஞ்ச் நோட்டில் இருந்து கூட்டிக்கொண்டு வரணும். மூச்சு வாங்காதா பின்னே?

இதில் ஒரு வேடிக்கை. 2000-களில் மினி டிவி டேப் கேமரா காலத்தில், கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரர்கள் பென்டியம் 4 கம்ப்யூட்டரில் ஜாலியாக எடிட் பண்ணினார்கள். காரணம், அந்த டிவி ஃபார்மட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழு நோட்டு. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி தின்னும், ஆனால் எங்கே வெட்டினாலும் வெண்ணெய். இன்றைக்கு சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்லாம் அதே வம்சம்தான். 4கே-வை புரோரெஸ் 422-க்கு மாற்றினால் நிமிஷத்துக்கு 4 ஜிபிக்கு மேல் போகும். ஹாஸ்டல் பையன் ஹார்டு டிஸ்க்குக்கு அது ஆகாது.

மினி டிவி என்றதும் ஒரு சொந்தக் கதை வருகிறது, கேட்டுடுங்க. 2005-ல் எங்க தாத்தாவுக்கு எண்பதாம் கல்யாணம். கேமரா பிடித்தது நான். ஒரு மணி நேர டேப். கம்ப்யூட்டரில் ஏற்றி, விசிடி போட்டு, சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கொரு டிஸ்க் கொடுத்தாச்சு. 'அதான் சிடி இருக்கே' என்று அதே டேப்பில் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸை ரெக்கார்டு பண்ணிவிட்டேன். ஹார்டு டிஸ்க்கில் இருந்ததையும் இடம் வேண்டும் என்று அழித்துவிட்டேன். தாத்தா 2007-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். விசிடி என்பது 352-க்கு 288 புள்ளி. டேப்பில் இருந்ததில் நாலில் ஒரு பங்கு. இப்போது 43 இஞ்ச் டிவியில் போட்டால் தாத்தா சிரிக்கிறார் என்று தெரிகிறது. எப்படிச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை. முகம் பூரா கட்டம் கட்டமாக இருக்கிறது. போன வருஷம் ஏஐ அப்ஸ்கேலிங்கில் போட்டுப் பார்த்தேன். முகம் பளிச்சென்று வந்தது. பாட்டி இருந்திருந்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டாள். அது யாரோ ஒரு தாத்தா.

அதனால்தான் பையனிடம் முதலில் கேட்டது: "ஒரிஜினல் எல்லாம் பத்திரமா இருக்காடா?"

"இருக்குண்ணா. ஃபோர்மேன் சார் கிளிப் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பினான்."

போச்சுடா! வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு தடவை பிழிந்து எடுத்துவிடும். அதை எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணுவது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி கையில் வருகிற கடைசி காப்பியில் ஈக்வேஷன் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எடுத்த பையனுக்கு உடனே போன். "அது போன்ல இடம் இல்லைன்னு காலையில டெலிட் பண்ணிட்டேனே" என்றான் ஆசாமி, கொட்டாவியோடு. இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து, போட்டோஸில் 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஃபோல்டரைத் திறக்கச் சொன்னோம். ஐபோனில் அழித்தது 30 நாள் வரை அங்கே தங்கும். இருந்தது!

வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் பிழியாது. ஆனால் அதற்கு 2 ஜிபி வரம்பு. 14 நிமிஷம் இன்டூ 170 எம்பி... 2.38 ஜிபி. ஆகவே ஆசாமி போன், கேபிள் சகிதம் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

உதடு தப்பிய கதைக்கும் விடை அந்தக் கிளிப்பில்தான் இருந்தது. மீடியா இன்ஃபோ 'ஃப்ரேம் ரேட் மோடு: வேரியபிள்' என்றது. ஒர்க் ஷாப்பில் வெளிச்சம் கம்மி. வெளிச்சம் போதாதபோது போன் தானாகவே ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைக்கும், வந்ததும் கூட்டும். சீராக 30 என்று எதிர்பார்க்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் சில நேரம் குழம்பும். ஆடியோ தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். 14 நிமிஷத்தில் அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து டப்பிங் படம் ஆகிவிடுகிறது.

மருந்து, 'ஹேண்ட் பிரேக்'. இலவசம். 2003-ல் ஆரம்பித்து 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் 1.0 பதிப்பே விட்டார்கள், நம்ம அரியர் கதை மாதிரி! அதில் வீடியோ பக்கத்தில் ஃப்ரேம் ரேட் 30, கீழே 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்'. தர அளவு ஆர்எஃப் என்று ஒரு நம்பர் இருக்கும்; குறைய குறையத் தரம் கூடும். எடிட்டிங்குக்குப் போகிற காப்பி என்பதால் 17 வைத்தோம். ஹால் டிவியே ஃபுல் ஹெச்டி, அதற்கு நாலு மடங்கு புள்ளிகள் எதற்கு? 1080பி-க்குக் குறைத்தாச்சு. முகத்தைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய ஒரே ஒரு துண்டை மட்டும் 4கே-யாகவே வைத்துக்கொண்டோம். லேப்டாப் ஃபேன் ஏரோப்ளேன் மாதிரி கத்த, முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு ரவுண்டு டீ.

இன்னொரு போனில் எடுத்த ஷாட்களில் முகமெல்லாம் டியூப்லைட் மாதிரி வெளுத்துப் போயிருந்தன. ஹெச்டிஆர். அதைப் புரிந்துகொள்ளாத டிவியில் இப்படித்தான் இளிக்கும். ஷூட்டிங்குக்கு முன்பே கேமரா செட்டிங்கில் ஹெச்டிஆர் வீடியோவை ஆஃப் பண்ணியிருந்தால் தீர்ந்தது. டியூப்லைட் என்றதும் இன்னொன்று: நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில் எடுக்கும்போது மண்டபத்து விளக்குகள் துடிப்பது தெரிந்தால், 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்துப் பாருங்க.

மிச்ச எடிட்டிங்குக்கு 'ப்ராக்ஸி'. டாவின்ச்சி ரிசால்வ், ப்ரீமியர், கேடென்லைவ் எல்லாவற்றிலும் உண்டு. நம்ம அட்டெண்டன்ஸ் ப்ராக்ஸியேதான்! ஒவ்வொரு பெரிய கிளிப்புக்கும் பதிலாக ஒரு குட்டி கிளிப் டைம்லைனில் 'உள்ளேன் ஐயா' சொல்லும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அதை வைத்து. கடைசியில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரிஜினல் வந்து உட்காரும். இரண்டு நிமிஷ பாக்கி, அரை மணியில் முடிந்தது. லேப்டாப்பும் மூச்சு வாங்கவில்லை.

டிவிக்கான காப்பியில் புத்திசாலித்தனம் காட்டவே கூடாது. ஹெச்.264, 1080பி, 8 பிட், ஆடியோ ஏஏசி ஸ்டீரியோ, எம்பி4. விநாடிக்கு 12 மெகாபிட் வைத்தோம். பதினோரு நிமிஷம் ஒரு ஜிபிக்குள் அடங்கியது. இவர்கள் முதலில் 'மேக்சிமம் குவாலிட்டி' என்று எடுத்தது 6 ஜிபி. அது பென் டிரைவுக்குள்ளேயே போக மறுத்ததால்தான் ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் போட்டு இந்த வம்பு முழுக்க ஆரம்பம். 32 ஜிபி டிரைவில் 6 ஜிபிக்கு இடமில்லையா என்று குழம்பாதீங்க. டிரைவ் ஃபேட்32-ல் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. பழைய டிவிக்கு அந்த ஃபேட்32-தான் நிச்சயமாகப் புரியும் என்பதால் டிரைவை விட்டுவிட்டு ஃபைலைச் சின்னதாக்கினோம். டிடிஎஸ் ஆடியோ வேண்டாம், சில டிவிகளில் ஊமைப் படம் ஆகிவிடும்.

விடியற்காலை இரண்டேமுக்காலுக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். போகும் முன் ஒரிஜினல் கிளிப் அத்தனையையும் என் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டுக்கொண்டேன். பயல்களை நம்ப முடியாது, என்னையே நான் நம்பாதபோது!

மறுநாள் மதியம் போன். படம் வந்ததாம், உதடும் சத்தமும் ஒண்ணா வந்ததாம். ஹெச்.ஓ.டி. கண்ணைத் துடைச்சாராம். ஃபோர்மேன் மட்டும் ஸ்க்ரீனையே பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். எல்லாம் முடிந்ததும் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இதை வீட்ல அவங்களுக்குக் காட்டணும். எங்க வீட்டு டிவி உங்க ஹால் டிவியை விடப் பழசு. ஓடுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"அண்ணா, என்ன பண்ணட்டும்?"

720பி-யில் இன்னொரு காப்பி எடுத்து, அதே பென் டிரைவில் 1080 பக்கத்திலேயே போட்டுக் கொடுக்கச் சொன்னேன். சாயங்காலம் மெசேஜ் வந்தது. 1080-யே ஓடிச்சாம். அந்த 14 நிமிஷத்தையும் வெட்டாமல் முழுசாகக் கேட்கிறாராம் அவர் சம்சாரம்.