ஓட்டு என்ன, கூலியா?

சி. சுப்பிரமணியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். "நாட்டுக்கே சோறு போட்ட மனுசனை நம்ம சனம் தோக்கடிச்சுப் போட்டுதுங்க!" 1967இல் கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றதை இன்னமும் பாவக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பெருமூச்சு எனக்குச் சம்மதமில்லை.

மனிதர் பெரியவர்தான். பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்துப் பிள்ளை, கோவையில் வக்கீல், 1952 முதல் பத்தாண்டு சென்னை ராஜ்யத்தில் மந்திரி. பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீர் நம் வறண்ட காடுகளுக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. 1962இல் பொள்ளாச்சி அவரை டில்லிக்கு அனுப்பிற்று. 1964இல் உணவு மந்திரியானார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு அடுப்பு மூட்டிய காலம் அது. 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவித்தார். தம் டில்லி பங்களாவின் புல்தரையையே உழுது கோதுமை போட்டார். ரோஜாத் தோட்டம் போடும் மந்திரிகளுக்கு நடுவே இது குடியானவன் புத்தி, நல்ல புத்தி.

ஆனால் அந்த விதை கதிராகி அறுவடைக்கு வருமுன்பே, பிப்ரவரியில் தேர்தல் வந்துவிட்டது. வந்திருந்தாலும் என்ன? பஞ்சாபுக் கோதுமை கோபிக்காரன் இலையில் விழுமா? இங்கே அரிசிக்குத் திண்டாட்டம். "ரூபாய்க்கு மூன்று படி" என்றது தி.மு.க. அதை நம்பினான் என்று அவனைப் பரிகசிக்கலாம். பசியைப் பரிகசிக்க முடியாது.

இன்னொன்றையும் பெரியவர்கள் சௌகரியமாக மறக்கிறார்கள். 1965 பிப்ரவரியில், ஹிந்தி விவகாரத்தில் அவரும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கொடுத்தார்கள். கொடுத்ததற்கு ஒரு கும்பிடு. பிறகு பதவியிலேயே நீடித்தார்கள். அதே மாதம் அவரது பொள்ளாச்சியிலேயே துப்பாக்கி சுட்டது, உயிர்கள் போயின. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு, கோதுமைக்காக ஓட்டுப் போடு என்று யார் கேட்பது?

ஓட்டைக் கூலியாக்கினால் அதற்கு முடிவேது? இன்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. பஸ் நிழற்குடை கட்டி, அதில் தம் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிற எம்.பி.யும் அதே கூலியைத்தான் கேட்கிறார். பார்லிமெண்டில் அவர் வாய் திறந்தாரா என்று எவரும் விசாரிப்பதில்லை.

1971இல் கிருஷ்ணகிரி சுப்பிரமணியத்தை மறுபடி மக்களவைக்கு அனுப்பியது, அதே தி.மு.க.வின் கூட்டோடு. அதை நன்றி என்று எந்தப் பெரியவரும் சொல்லக் காணோம்.