கேப்டனுக்குச் சம்பளம் கொடுங்கள்

நாலு குடும்பம் சேர்ந்து பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த ஊர், எவ்வளவு ஆகும் என்று நான் கேட்பதில்லை. கேப்டன் யார் என்றுதான் கேட்பேன். "நம்ம செட்லயே ஒருத்தன் லைசென்ஸ் வெச்சிருக்கான்" என்று பதில் வந்தால் லேசாகக் கவலைப்படுவேன்.

குரோஷியாவில் ஸ்ப்ளிட் நகரைச் சுற்றியுள்ள மரினா படகுத்துறைகள், கோடைச் சனிக்கிழமை சாயங்காலத்தில் முகூர்த்த நாள் மண்டப வாசல் மாதிரி இருக்கும். அங்கே வாடகை பெரும்பாலும் சனிக்குச் சனி. சாயங்காலம் படகைக் கையில் கொடுப்பார்கள். அடுத்த வெள்ளி மாலையே திரும்பிவிட வேண்டும், சனி காலையில் மூட்டையைக் கட்ட வேண்டும். ஏழு இரவுக்குப் பணம் கட்டினாலும் கடலில் ஓடுவது ஆறு நாள்தான்.

கூட்டமாகப் போகிறவர்கள் இரட்டை உடல் படகான கேட்டமரான் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 42 அடி நீளப் படகுக்கு 25 அடி அகலம். இரண்டு உடல்களிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நாலு அறை, நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. நல்ல அறை யாருக்கு என்ற சண்டைக்கு இடமில்லை. ஒற்றை உடல் படகு காற்றில் சாய்வது போல இது சாயாது. மேஜையில் வைத்த காபி வைத்த இடத்திலேயே இருக்கும்.

சிக்கலும் அதில்தான். காற்று கூடினால் ஒற்றை உடல் படகு சாய்ந்தே எச்சரித்துவிடும். கேட்டமரான் வாயைத் திறக்காது. பாரமெல்லாம் பாயிலும் கயிற்றிலும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் இத்தனை நாட் (knot) வேகக் காற்றுக்கு இவ்வளவு பாய் என்று கையேட்டில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். எல்லோரும் பாட்டும் கூத்துமாக இருக்கும்போது காற்றுமானியைப் பார்த்து, "பாயைச் சுருக்கு" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் நண்பராக இருந்தால்? விஸ் தீவுக்குப் போக எல்லோருக்கும் ஆசை. யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளமாக இருந்து, 1989 வரை வெளிநாட்டவர் கால் வைக்க முடியாத தீவு அது. பக்கத்து பிஷெவோவில் நீலக் குகை வேறு. ஆனால் தென்கிழக்கிலிருந்து யூகோ காற்று கிளம்பப் போகிறது. "வேண்டாம்" என்று நண்பன் சொன்னால் அது அவன் அபிப்பிராயம், உடனே ஓட்டெடுப்பு நடக்கும். நாங்கள் அங்கே போனபோது சம்பளத்துக்குக் கேப்டனாக வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். வானிலை அறிக்கையைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், "இன்றைக்கு விஸ் கிடையாது" என்றான். எதற்கும் எதிர்வாதம் செய்யும் எங்கள் மாமாகூட "சரிப்பா" என்றார். இதையே எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் மாமா மத்தியானம் வரை விட்டிருக்க மாட்டார்.

இப்படிச் சம்பளத்துக்கு வரும் கேப்டனுக்கு, அதாவது ஸ்கிப்பருக்கு, நாளொன்றுக்கு 200 யூரோ அளவில் ஆகும், சாப்பாடு நம் பொறுப்பு. படுக்க இடமும் தர வேண்டும். சில கேட்டமரான்களில் முன்முனையில் ஒரு பொந்து இருக்கும். மேல்தளத்து மூடியைத் தூக்கி, ஏணி வழியாக இறங்கிப் படுக்க வேண்டும், நிமிர முடியாது. அது இருக்கிறதா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் நாலு அறையில் ஒன்று போய்விடும். நாள் சம்பளத்தை எட்டுப் பேர் பங்கிட்டால் தலைக்கு 25 யூரோ. படகுக்கான டெபாசிட்டாக உங்கள் கார்டில் சில ஆயிரம் யூரோ முடங்கிக் கிடக்கும்போது, நெரிசலான துறையில் பின்பக்கமாகப் படகை நுழைத்துக் கட்டுகிற வேலையை ஒப்படைக்க இது பெரிய தொகை இல்லை.

பொதுச் செலவுக்குப் பர்ஸ், சமையல் முறை, குளியலுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகியவற்றை உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம். "முடியாது" என்று சொல்கிற உத்தியோகத்தை மட்டும் வெளியாளுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை இறங்கும்போது எட்டுப் பேரும் பேசிக்கொள்ளும் நிலையில் இருப்பீர்கள்.