தூசிதானே என்று தள்ளாதீர்கள்

அற்பமான எதையும் ‘தூசிக்குச் சமம்’ என்று ஒதுக்குவது நம் வழக்கம். வானியலாளர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கையே தூசி ஒருமுறை புரட்டிப் போட்டிருக்கிறது.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குத் தெற்கே இருக்கிறது சிடியா டாப்பு. சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடும் இடம். சூரியன் ஏன் சிவக்கிறது? காற்றும் அதில் மிதக்கும் தூசியும் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மங்கலான சிவப்பு மட்டும் நம்மை எட்டுகிறது.

மார்ச், ஏப்ரலில் அதே கரையில் விடியலுக்கு முன் தெற்கே பாருங்கள். விருச்சிகத்தின் கொடுக்கருகே பால்வீதியில் கரிய திட்டுகள் தெரியும். அவை வெற்றிடங்கள் அல்ல. பின்னாலுள்ள நட்சத்திரங்களை மறைக்கும் தூசி மேகங்கள். இவை கண்ணுக்குத் தெரிவதால் ஏமாற மாட்டோம். எங்கும் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும் தூசிதான் ஏமாற்றும்.

அது 60 சதவீத ஒளியை விழுங்கிவிட்டால், ஒரு நட்சத்திரக் கொத்து உண்மையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணக்கு வரும். 1930இல் அமெரிக்காவின் லிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் டிரம்ப்ளர் 100 கொத்துகளின் தூரத்தைப் பிரகாசத்தை வைத்துக் கணித்தார். தொலைவு கூடக் கூடக் கொத்துகளும் பெரிதாகிக்கொண்டே போயின! பூமியிலிருந்து விலக விலகக் கொத்துகள் ஏன் பருக்க வேண்டும்? பிழை தூரத்தில், காரணம் தூசி என்று கண்டார். பால்வீதியின் குறுக்களவு 3 லட்சம் ஒளியாண்டு என்று 1918இல் ஹார்லோ ஷாப்லி மிகைப்படுத்திவிட்டதற்கும் தூசியைக் கணக்கில் சேர்க்காதது ஒரு காரணம். இன்றைய மதிப்பு சுமார் 1 லட்சம்.

வயதிலும் தூசி கை வைக்கும். முதிர்ந்த கொத்தில் சூடான நீல நட்சத்திரங்கள் மடிந்திருக்கும். ஆகவே, தூசியால் சிவந்த இளங்கொத்தையும் கிழடு என்று எண்ணிவிடலாம்.

நல்லவேளை, இந்தத் திருடன் தடயம் விட்டுச் செல்கிறான். நட்சத்திரத்தின் உண்மை நிறத்தை அதன் நிறமாலை காட்டிக்கொடுக்கும். எவ்வளவு கூடுதலாகச் சிவந்திருக்கிறது என்று அளந்து, அதைச் சுமார் 3ஆல் பெருக்கினால் இழந்த ஒளியின் அளவு கிடைத்துவிடும். காவலூரானாலும் நைனிடாலானாலும், கொத்துகளை அளப்பவர்கள் தூசிக்குரிய இந்தக் கழிவைப் போட்டே தீர வேண்டும்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் துகள், பால்வீதியையே மூன்று மடங்காக்கிக் காட்டத் துணைபோயிருக்கிறது. தூசிக்குச் சமம் என்று இனி யாரையும் ஏசுமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.