கணுவற்ற கட்டை



கோடை விடுமுறைக்குக் குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் திரும்பும் நம் வாலிபர் இப்போது கயாக் ஓட்ட விரும்புகிறார்கள். துடுப்பின் விலை கேட்டு மலைத்த சகோதரர் ஒருவர், வீட்டிலேயே செய்யலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். செய்யலாம்.

தீருவின் துடுப்புகள் பாசானின் கர்வாலி மரத்தால் ஆனவை என்று எசேக்கியேல் 27-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கர்வாலி என்பது ஓக். நம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், பெயரில் மாத்திரமே ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குலத்து மரம். ஆயினும் நன்கு உலர்ந்திருந்தால் துடுப்புக்கு அது போதும். நான்கங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள கட்டையாக, நார் நேராக ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்.

மரமே அரிதான கிரீன்லாந்தில் இனுயிட் மக்கள் கடலில் மிதந்துவந்த கட்டைகளைச் செதுக்கியே துடுப்புச் செய்தார்கள். அவர்கள் வழி எளிது. விரித்த கைகளின் நீளத்தோடு ஒரு முழம் கூட்டினால் துடுப்பின் நீளம். பெரும்பாலோருக்கு ஏறக்குறைய 7 அடி வரும். நடுவே தோளகலம் பிடி. இருபுறமும் மூன்றரை அங்குல அகலத்தில் அலகு. முதலில் நடுக்கோடு கிழியுங்கள். ரம்பத்தால் உருவை அறுத்தபின், இழைப்புளியால் அலகின் ஓரங்களை மெலிதாக்குங்கள். பிடியை உடனே உருட்ட முயலவேண்டாம். சதுரத்தை எண்கோணமாக்கி, பின்பு உருட்டினால் கோணாது. விரலில் நடுவை நிறுத்திப் பாருங்கள். சாயும் பக்கத்தை இன்னும் இழையுங்கள். உப்புத்தாள் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானே தீப்பற்றும், விரித்து உலர்த்துங்கள்.

கணுவைக் குறித்துச் சொல்லவேண்டும். நான் முதலில் செய்த துடுப்பில் அலகின் கழுத்தருகே ஒரு கணு இருந்தது, அழகாயிருக்கிறதென்று விட்டுவிட்டேன். குளத்தின் நடுவில் அங்கேயே முறிந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நீந்தத் தெரியாத என் இளைய மகன். கைகளாலேயே துழாவிக் கரை சேர்ந்தோம்.

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மிதவைச் சட்டை இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். தேக்கடியும் பறம்பிக்குளமும் புலிகள் காப்பகங்கள். அங்கே வனத்துறையார் நடத்தும் மூங்கில் தெப்பத்தில் செல்லலாம், சொந்தப் படகோடு இறங்கலாகாது.

என் படகில் இப்போது இரண்டாம் துடுப்பொன்று எப்போதும் கட்டப்பட்டிருக்கும். அதைச் செய்தவன் அந்த இளைய மகன்.