புதையல் நாணயம் என்றொரு பொய்

'கடற்கொள்ளையர் புதையல் நாணயம்' என்ற பெயரில் வார்ப்புப் போலிகள் இணைய அங்காடிகளில் விற்பனையாகின்றன. மண்டையோடு பொறித்த மஞ்சள் தகடுகளோடு எனக்கு வழக்கில்லை. எந்தக் கொள்ளையனும் நாணயம் அடித்ததில்லை. அவை வெறும் பொம்மைகள். என் சினமெல்லாம் அசலை அப்படியே படியெடுத்த தரமான போலிகளின் மீதுதான். கோணல் விளிம்பு, சிலுவை, ஸ்பானிய அரச இலச்சினை அனைத்தும் பிசகாமல் இருக்கும். விற்பவர் சொல்லும் கதையில் மட்டும் கப்பலும் புயலும் தீவும்.

அந்தக் கோணல் விளிம்பைக் கொஞ்சம் பாருங்கள். எட்டு ரியால் வெள்ளி நாணயத்தின் எடை ஏறத்தாழ 27 கிராம். துண்டுகளாக வெட்டி, எடை சரியாகும்வரை ஓரங்களை நறுக்கி, சம்மட்டியால் அடித்து முத்திரையிட்டார்கள். பலவற்றில் 'பி' என்னும் ரோமன் எழுத்து தெரியும். அது இன்றைய பொலிவியாவிலுள்ள பொட்டோசி நாணயச்சாலையின் குறி. அங்கே மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது 1545இல். இன்கா அரசில் வழங்கிவந்த 'மித்தா' என்னும் ஊழிய முறையை, 1570களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ சுரங்கத்துக்கான கட்டாய உழைப்பாக மாற்றினார். பதினாறு மாகாணங்களின் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் செல்லவேண்டும்; ஆண்டொன்றுக்குப் பதின்மூவாயிரம் பேருக்கு மேல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முதுகில் தாதுச் சுமையோடு ஏணி ஏறியவர்கள் அவர்கள். தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம்; அதைத் தோண்டிய உவாங்காவெலிக்கா சுரங்கத்தில் அதன் நஞ்சேறிச் செத்தவர்கள் வேறு.

கொள்ளையன் வந்தது இதற்கெல்லாம் பிறகு. திருடனிடம் திருடியவன், அவ்வளவே.

ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' (1883) இந்த நாணயத்தின் பெயரைக் கிளியின் வாயில் வைத்து உலகெங்கும் பரப்பியது. நாவலின் சுவையை நான் மறுக்கவில்லை. புதையலைக் காணுமிடத்தில், இது சேர்வதற்கு எவ்வளவு இரத்தம் சிந்தியிருக்கும் என்று கதைசொல்லி நினைத்தும் பார்க்கிறான். ஆனால் அவன் கணக்கு கடலோடு நின்றுவிடுகிறது, மலைவரை ஏறவில்லை.

கடலிலாவது கதை தூய்மையானதா? கொள்ளைக் கப்பல் என ஐயமின்றி உறுதிசெய்யப்பட்ட 'விடா' 1717இல் கேப் காட் கரையருகே மூழ்கியது, 1984இல் கண்டெடுக்கப்பட்டது. சாமுவேல் பெல்லமி கைப்பற்றும்வரை அது அடிமைக் கப்பல். ஆப்பிரிக்கர்களை ஜமைக்காவில் விற்று, வந்த பணத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் பிடிபட்டது. அந்த வெள்ளியைத்தான் நாம் 'புதையல்' என்கிறோம்.

விளையாட்டுப் பொருளில் வரலாற்றைத் தேடுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்று, போலி நாணயங்களில் 'நகல்' என்ற சொல்லைப் பொறிக்கவேண்டும் என்கிறது. சேகரிப்பவரின் பணப்பை ஏமாறாதிருக்க நாணயத்தின் முகத்திலேயே இடம் கிடைக்கிறது. கூட வைக்கும் அட்டையில் பொட்டோசி என்ற பெயருக்கும், அங்கே வெட்டியவர்கள் யார் என்ற ஒரு வரிக்கும் இடமில்லையாம். கொள்ளையனின் பெயரை வேண்டுமானால் அதற்குக் கீழே போட்டுக்கொள்ளட்டும்.