பெண்களும் கருப்பு அங்கியும்

நம் நாட்டில் பெண்களைப் பற்றிய சட்டங்களைச் செய்தவர்கள் ஆண்கள். அவற்றுக்கு வியாக்கியானம் சொன்னவர்கள் ஆண்கள். அவற்றின்படி தீர்ப்பளித்தவர்களும் ஆண்களே. குற்றவாளிக் கூண்டில் நிற்பதற்கு மாத்திரம் பெண்களுக்குத் தாராளமாக இடம் விடப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டின் யோக்கியதை என்ன என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

1860ம் வருஷத்திய இந்தியன் பீனல் கோடில் 8வது பிரிவு என்று ஒன்று இருந்தது. சட்டத்தில் "அவன்" என்று எழுதியிருந்தாலும் அது ஆண், பெண் இருவரையுமே குறிக்கும் என்பது அதன் கருத்து. ஆகவே திருடிய பெண் ஒருத்தி, "சட்டத்தில் அவன் என்றுதானே இருக்கிறது, நான் அவள் அல்லவா?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஜெயிலுக்குப் போவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அவ்வளவு சமத்துவம்!

ஆனால் 1916ல் ரெஜினா குஹா அம்மையார், சட்டப் பரீட்சையில் தேறி, தம்மைப் பிளீடராகப் பதிவு செய்ய வேண்டுமென்று மனுச் செய்தபோது நடந்தது என்ன? கல்கத்தா ஐக்கோர்ட்டில் 5 நீதிபதிகள் கூடி உட்கார்ந்து, பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்ற பொதுவிதி அங்கே செல்லவில்லை. 1921ல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா அம்மையாருக்கும் இதே கதிதான். அதாவது, தண்டனை என்றால் "அவன்" என்பதில் பெண்ணும் அடக்கம். தொழில் என்றால் அந்த "அவன்" திடீரென்று மீசை முளைத்து நிற்கிறான்! இதற்குப் பெயர் நீதி என்றால், அநீதி என்பதற்கு வேறு என்ன இலக்கணம்?

இது நம் நாட்டில் மாத்திரம் இருந்த மூடத்தனம் என்று யாரும் கருத வேண்டாம். அமெரிக்காவில் மைரா பிராட்வெல் என்ற அம்மையார் சிக்காகோ நகரில் சட்டப் பத்திரிகை நடத்தி வந்தவர். 1869ல் வக்கீல் பரீட்சையும் தேறினவர். 1873ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குக் கையை விரித்துவிட்டது. நீதிபதி பிராட்லி என்பவர், மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பெண்ணின் கடமையென்றும், அது சிருஷ்டிகர்த்தாவின் சட்டமென்றும் தனியாக வேறு எழுதி வைத்தார். கடவுளைச் சாட்சிக்கு அழைத்த அந்த நீதிபதி, அவரை எந்தக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்? 1890ல் இல்லினாய் மாகாண நீதிமன்றமே அந்த அம்மையாருக்கு உத்தரவு கொடுத்தது. சிருஷ்டிகர்த்தா அதன் பேரில் அப்பீல் செய்ததாகத் தெரியவில்லை.

நம் மனுதர்மமோ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. பல பெண்கள் யோக்கியமானவர்களாயிருந்தாலும், புத்தி நிலையற்றவர்களாதலால், அவர்கள் சாட்சிக்கு உதவமாட்டார்கள் என்கிறது அது. சாட்சி சொல்லவே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவளை வாதாடவும், தீர்ப்புச் சொல்லவும் எந்த வைதிகன் சம்மதிப்பான்?

கார்னீலியா சொராப்ஜி அம்மையார் 1892லேயே ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதினவர். பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அந்தச் சர்வகலாசாலைக்கு 1920 வரையில் மனம் வரவில்லை. 1921ல் அலகாபாத் ஐக்கோர்ட்டு அவரை வக்கீலாக ஏற்றுக்கொண்டது. 1923ல் பெண் என்ற காரணத்தால் யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து தள்ளக்கூடாது என்று சட்டமே வந்தது. 1916க்கும் 1923க்கும் இடையில் பெண்களின் மண்டையில் புதிதாக ஏதேனும் மூளை வளர்ந்ததா? இல்லையே! ஆகவே, குறை இருந்தது சட்டத்திலேயன்றிப் பெண்களிடத்தில் அல்ல என்பது வெட்ட வெளிச்சமாகிறது.

"அதுதான் சட்டம் போய்விட்டதே, இன்னும் என்ன கூச்சல்?" என்று சிலர் கேட்கலாம். திருவாங்கூரில் அன்னா சாண்டி அம்மையார் 1937ல் முன்சீப் ஆனார். 1959ல் கேரள ஐக்கோர்ட்டு நீதிபதியும் ஆனார். ஆனால் 1862ல் ஏற்பட்ட சென்னை ஐக்கோர்ட்டில் பத்மினி ஜேசுதுரை அம்மையார் முதல் பெண் நீதிபதியாக வர 1986 ஆயிற்று. 1950ல் ஏற்பட்ட இந்தியச் சுப்ரீம் கோர்ட்டில் பாத்திமா பீவி அம்மையார் முதல் பெண்ணாக நுழைய 1989 ஆயிற்று. 2021 முடிய அங்கே நீதிபதியான பெண்கள் 11 பேர்தான். 2025 முடியத் தலைமை நீதிபதி நாற்காலியில் ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

காரணம் கேட்டால், தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்கிறார்கள். தகுதி என்ன ஆகாயத்திலிருந்தா விழுகிறது? பெரிய வழக்கு நடத்தினால்தான் பெரிய வக்கீல். பெரிய வக்கீலானால்தான் நீதிபதி. ஆனால் பெண் வக்கீலிடம் ஜீவனாம்சத்தையும் விவாகரத்தையும் தள்ளிவிட்டு, நிலவழக்கையும் கம்பெனி வழக்கையும் ஆண் வக்கீலிடம் கொடுக்கிறார்கள். நீந்தத் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்கலாம் என்று சொன்னால், எவன்தான் நீந்தக் கற்றுக்கொள்வான்?

அன்றியும், ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷங்களில் வருமானம் சொற்பம். ஆண்பிள்ளை தகப்பன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு காத்திருக்கிறான். பெண்ணுக்கோ அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற பின், "குழந்தையை யார் பார்ப்பது?" என்று அவளைக் கேட்கிறார்களேயொழிய, அதே குழந்தையின் தகப்பனான வக்கீலை யாராவது கேட்கிறார்களா? 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபாகம் கேட்டது ஏன் என்பது இங்கேதான் விளங்கும். அது தமிழ்நாட்டில் 1989லும், இந்தியா முழுமைக்கும் 2005லும்தான் சட்டமாயிற்று. சொந்தச் சொத்து உள்ளவள்தான் வருமானமில்லாத காலத்தைச் சமாளிக்க முடியும்.

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. சர்க்கார் வக்கீல் உத்தியோகங்களில் சரிபாதி பெண்களுக்கு வேண்டும். ஒவ்வொரு கோர்ட்டிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடமும், பெண்களுக்கு யோக்கியமான கக்கூசும் வேண்டும். பெற்றோர்கள் நகைக்குப் போடும் பணத்தைப் பெண்ணின் சட்டப் புஸ்தகத்துக்கும் ஆபீசுக்கும் போடவேண்டும். வழக்குள்ளவர்கள் வக்கீலின் வாதத்தைப் பார்க்கவேண்டுமேயல்லாமல் புடவையைப் பார்க்கக்கூடாது.

கூண்டில் ஏற்றும்போது பெண்ணையும் "அவன்" என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள், நாற்காலி கொடுக்கும்போதும் சேர்த்துக்கொள்ளட்டும்! அதற்கு மனமில்லாவிட்டால், நீதி என்ற பேச்சையாவது விட்டுவிடட்டும்!