குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு முன் ஒரு மருத்துவப் பரிசோதனை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அறுபதுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆனால் உலக அளவில் இந்த நோயாளிகளில் 9 சதவீதம் பேர் வரை 65 வயதுக்கு முன்பே பாதிக்கப்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வயது அது. இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. என்ன நோய் என்று தெரிவதற்குள் வேலை போய்விடுகிறது என்பதுதான் கொடுமை.

நடுவயதில் வரும் டிமென்ஷியா எப்போதும் மறதியில் தொடங்குவதில்லை. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் முதலில் மாறுவது நடத்தை. இருபது ஆண்டுகள் பிசகில்லாமல் பில் போட்ட எழுத்தர் ஒரே பட்டியலை இரண்டு முறை அனுப்புகிறார்; கருவூலம் ஆட்சேபணையோடு திருப்புகிறது. நடத்துநரின் பையிலுள்ள பணமும் டிக்கெட் கணக்கும் ஒத்துப்போவதில்லை. அதிகாரியை எடுத்தெறிந்து பேசுகிறார், சொல்லாமல் விடுப்பு எடுக்கிறார். அலுவலகம் இதை அலட்சியம் என்றோ குடி என்றோ எடுத்துக்கொள்கிறது. மெமோ வருகிறது, பிறகு தமிழக அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவில் குற்றச்சாட்டு, பிறகு பணியிடை நீக்கம். தனக்கு நோய் இருப்பதையே உணரவிடாத நோய் இது. அதனால் அவர் விளக்கக் கடிதமும் தருவதில்லை. அதுவும் குற்றப் பட்டியலில் சேர்கிறது. தனியார் நிறுவனமென்றால் ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20(4) பிரிவில், பணிக்காலத்தில் உடற்குறையோ மனநலக் குறையோ வந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அது இல்லையென்றால் ஓய்வு வயது வரை கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் டிமென்ஷியாவும் உண்டு. தகுதியுள்ளவருக்கு 80 சதவீத ஊதியம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தர முழு இயலாமைக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே ஓய்வூதியம் உண்டு. ஆனால் எல்லாமே பணியில் இருப்பவருக்குத்தான். ராஜினாமா கடிதத்தில் மார்ச் மாதத் தேதியும் நரம்பியல் மருத்துவரின் சான்றில் நவம்பர் மாதத் தேதியும் இருந்தால் கோப்பு அத்தோடு மூடப்படும்.

எனவே கணக்கில் கொள்ள வேண்டியது சான்றிதழின் தேதியை அல்ல, அறிகுறி தொடங்கிய காலத்தை. மூளைச் சுருக்கம் ஒரே மாதத்தில் வருவதில்லை; ஸ்கேனையும் பணிப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவக் குழுவால் அந்தக் காலத்தைக் கணிக்க முடியும். நீதித்துறையும் வழிகாட்டியிருக்கிறது. மனநலப் பாதிப்புள்ள மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவருடைய நடத்தைக்குப் பாதிப்பு ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. நல்ல பணிப் பதிவு உள்ளவர் திடீரென்று மாறினால், 17(பி) கொடுக்கும் முன் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவதை விதியாக்க வேண்டும்.

கையாடல் செய்தவரெல்லாம் மறதி நோய் என்று சொல்லித் தப்பிவிடுவார்களே என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் இது நாளாக நாளாக முற்றும் நோய். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துச் செய்யும் மறுபரிசோதனையில் நடிப்பு நிற்காது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு போன்ற குணப்படுத்தக்கூடிய காரணங்கள் தெரியவந்தால், அனுபவமுள்ள ஊழியர் நிர்வாகத்துக்குத் திரும்பக் கிடைப்பார். பேருந்து ஓட்டுநரை எப்படி வேலையில் வைத்திருப்பது என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. அது காக்கச் சொல்வது ஊதியத்தை. ஸ்டியரிங்கை அவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாட்டுப் பட்டியலில் பார்க்கின்சன் நோயின் பெயர் இருக்கிறது, டிமென்ஷியாவின் பெயர் இல்லை. மனநோய் என்ற தலைப்பின் விளக்கத்தில் நினைவாற்றல் கோளாறும் அடங்கும் என்று ஒவ்வொரு குடும்பமும் வாதாடிக்கொண்டிருக்க முடியாது. பெயரைச் சேர்ப்பதே முறை. அமெரிக்கா 65 வயதுக்கு முன் வரும் அல்சைமர் நோயை இயலாமை உதவித்தொகை மனுக்களுக்கான விரைவு முடிவுப் பட்டியலில் 2010-லேயே சேர்த்துவிட்டது.

கட்டட வேலைக்குப் போகிறவருக்கு மெமோவும் இல்லை, ராஜினாமாவும் இல்லை. மேஸ்திரி கூப்பிடுவதை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அவர் கையில் இருப்பது நலவாரிய அட்டை ஒன்றுதான். அதைப் புதுப்பிக்க மறந்தவரின் மனுவை, மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்காமல், அட்டை காலாவதியானது என்று சொல்லித் தள்ளக் கூடாது என்ற ஆணையைத் தொழிலாளர் துறையே பிறப்பிக்கலாம்.